சஸ்பெண்டு தண்டனை அல்ல

விசாரணை முடியும்வரை ஓர் ஊழியரை வேலையிலிருந்து விலக்கி வைப்பதே சஸ்பெண்டு. அது தண்டனை ஆகாது என்பது சட்டத்தின் நிலை. விதிகளில் உள்ள தண்டனைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஆயினும், உத்தரவு கைக்கு வந்த மாதத்திலிருந்தே அது குடும்பம் முழுவதற்கும் தண்டனையாகி விடுகிறது. பிற மாநிலங்களில் ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் ஏனைய மத்திய அரசு அலுவலகங்களிலும் பணியாற்றும் தமிழர்களுக்கு இதன் பாரம் இன்னும் அதிகம். சொந்த ஊரில் வேலை பார்ப்பவருக்கு ஆபத்துக்கு உதவ அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். வாடகை வீட்டில் குடியிருக்கும் வெளியூர்க்காரர், செலவைக் குறைக்க ஊருக்குப் போய்ச் சில காலம் இருக்கலாம் என்றாலும் முடியாது. முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று சஸ்பெண்டு உத்தரவிலேயே எழுதியிருக்கும்.

இந்தக் காலத்தில் ஊழியரின் வயிற்றுப்பாட்டுக்கு விதி வழி செய்திருக்கிறது. மத்திய அரசின் அடிப்படை விதி 53-ன்படி, அரைச் சம்பள விடுப்பில் கிடைக்கும் தொகைக்குச் சமமான பிழைப்பூதியமும், அதற்குரிய அகவிலைப்படியும் தரப்பட வேண்டும். முதல் 3 மாதங்களுக்குப் பிறகு, தாமதத்துக்கு ஊழியர் காரணமல்ல என்றால் அத்தொகையில் பாதி வரை கூட்டித் தரலாம். அதாவது 50 ரூபாய் பெற்றவர் 75 ரூபாய் வரை பெற முடியும். தாமதம் அவரால்தான் என்றால் 25 ரூபாய் வரை குறைக்கவும் இடமுண்டு. பொதுத்துறை ஆலைத் தொழிலாளர்களுக்கும் முதல் 90 நாட்கள் பாதிச் சம்பளம், தாமதம் அவர்களால் அல்ல என்றால் அதன் பிறகு முக்கால் சம்பளம் என்று தொழிற்சட்டம் கூறுகிறது.

இது மேலதிகாரிகள் மனமிரங்கித் தரும் தயவு அன்று. அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு அரசு ஊழியருக்கு அளிக்கும் பாதுகாப்போடு பிணைந்த உரிமை. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் ஊழியரை டிஸ்மிஸ் செய்யக் கூடாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தராமல் வேலையைப் பறிக்கக் கூடாது என்கிறது அப்பிரிவு. பட்டினி கிடப்பவருக்கு அளிக்கப்படும் வாய்ப்பு நியாயமான வாய்ப்பு ஆகுமா?

ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1973-லேயே கூறிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் சஸ்பெண்டு செய்யப்பட்ட வனத்துறை ஊழியர் ஒருவரின் வழக்கு அது. விசாரணை நடந்த இடம் அவர் இருந்த ஊரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தூரம். பிழைப்பூதியம் கிடைக்காததால் அவரால் அங்கே போய் வர முடியவில்லை. அவர் இல்லாமலே முடிக்கப்பட்ட விசாரணை 311-வது பிரிவுக்கு விரோதமானது என்று தீர்ப்பாயிற்று. மாதம் 1 ரூபாய் மட்டுமே பிழைப்பூதியம் என்று பம்பாய் அரசுப் பணி விதிகளில் இருந்த ஒரு ஷரத்தும் 1983-ல் அதே கோர்ட்டினால் ரத்து செய்யப்பட்டது.

தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட கோலார் தங்கவயலிலிருந்து சென்ற வழக்கையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே ஒரு பாதுகாப்பு அதிகாரி 1985-ல் சஸ்பெண்டு செய்யப்பட்டார். பிழைப்பூதியம் வராத நிலையில், கேரளத்திலிருந்த தம் ஊரிலிருந்து விசாரணைக்கு வந்து போக அவர் கையில் பணமில்லை. ஒருதலையாக விசாரணை முடித்து 1986-ல் அவரை நீக்கினார்கள். கிரிமினல் வழக்கில் 1987-ல் விடுதலையானார். ஆனால் அவரை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது 1999-ல்தான். அடுத்த 2 ஆண்டுகளில், 2001-ல், சுரங்கமே மூடப்பட்டது. 14 ஆண்டுகள் கழித்து வரும் நியாயம் குடும்பத்துக்கு எவ்வளவு பயன்படும் என்பதை விளக்கத் தேவையில்லை.

காலவரம்புகளும் இல்லாமல் இல்லை. மத்திய அரசு ஊழியர் விதிகளின்படி சஸ்பெண்டு உத்தரவை 90 நாட்களுக்குள் மறுபரிசீலனை செய்து நீட்டிக்காவிட்டால் அது செல்லாது. 3 மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிட்டால் சஸ்பெண்டு நீடிக்கக் கூடாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எனினும், மறுபரிசீலனை என்பது பல அலுவலகங்களில் பழைய குறிப்பிலேயே மீண்டும் கையெழுத்திடும் சடங்காக இருக்கிறது. பிழைப்பூதியத்தை நிர்ணயிக்கும் கோப்பு, எவர் மேஜையில் கிடக்கிறது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தூங்குகிறது. தவறு செய்த ஊழியரைத் தண்டிக்க அரசுக்கு உரிமை உண்டு. விசாரிக்காமலே வாட்டுவதற்கு உரிமை இல்லை.

311-வது பிரிவு அசைக்க முடியாத கோட்டை என்று ஊழியர்களும் எண்ணிவிடக் கூடாது. கோர்ட்டில் தண்டனை பெற்றாலோ, விசாரணை நடத்துவது சாத்தியமில்லை என்று காரணம் எழுதி வைத்தாலோ, நாட்டின் பாதுகாப்பு கருதியோ விசாரணையின்றி நீக்க அப்பிரிவே இடம் தருகிறது. 1981 ரயில் என்ஜின் ஊழியர் போராட்டத்தையொட்டி அவ்வாறு நீக்கப்பட்டவர்களின் வழக்கும் சேர்ந்து 1985-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிவானபோது, அந்த அதிகாரம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

ஆகவே, இருக்கும் பாதுகாப்பை நழுவவிடாமல் காப்பது ஊழியர் கையிலும் இருக்கிறது. மெமோவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. வாங்க மறுப்பதால் லாபமில்லை. மொழி புரியாவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு படித்து, குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வேறு வேலை செய்யவில்லை என்ற சான்றைத் தவறாமல் கொடுத்துப் பிழைப்பூதியத்தைக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதையும் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். விசாரணையில் துணைக்கு மற்றோர் ஊழியரை அழைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தண்டனை வந்தால் 45 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். வாய்ப்பேச்சில் நடந்த எதுவும் பின்னால் சாட்சிக்கு வராது.

அதிகாரிகள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. சஸ்பெண்டு உத்தரவில் கையெழுத்திடும் நாளிலேயே பிழைப்பூதிய உத்தரவிலும் கையெழுத்திட வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. குற்றம் நிரூபணமாகும் வரை ஓர் ஊழியரும் அவர் பிள்ளைகளும் இரண்டு வேளை சாப்பிடுவதால் எந்த விசாரணையும் கெட்டுப்போகாது.