துரை பங்களா வெள்ளிக் கேத்தல்



கண்டி டவுனிலும் பேராதனைப் பாதையிலும் உள்ள பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கேத்தல், பால் குவளை, சீனிக் கிண்ணம் என்று "விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளி" கண்ணைப் பறிக்கும். காலம் சரியாக இருக்கலாம். வெள்ளிதான் பெரும்பாலும் வெறும் பூச்சு.

1840ல் பர்மிங்ஹாம் எல்கிங்டன் கம்பனி மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றது. அதன் பிறகு நடுத்தர வீட்டு மேசைக்கும் அந்தப் பளபளப்பு வந்தது. துரைமாரோடு அது நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் ஏறியது. துரைமார் ஊர் திரும்ப, 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாக, பங்களாச் சாமான்கள் கைமாறின.

பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் நிக்கல் வெள்ளியின் மேல் முலாம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். சிலர் அந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் பொறித்து அசல் முத்திரைபோல் காட்டியிருப்பார்கள். இங்கிலாந்தின் அசல் வெள்ளியில் நடக்கும் சிங்கம் ஒன்றிருக்கும்; ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி.

அந்தச் சிங்கத்தைக் கண்டால் விலையை விசாரிக்குமுன் மார்க்கத்தை நினையுங்கள். தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. நகை அணிய அனுமதி பெற்ற நமக்கும் இந்தத் தடை உண்டு. "பாவிக்க மாட்டேன், ஷோகேஸில் வைக்கத்தானே" என்கிறீர்களா? ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி வைத்திருப்பதும் கூடாது.

முலாமின் சட்டம் வேறு. நெருப்பில் காட்டினால் வெள்ளி எதுவும் பிரிந்து வராத அளவுக்கு மெல்லியதென்றால் ஆகும். பிரிந்து வருமளவு தடிப்பென்றால் ஆகாது என்று நம் பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. விக்டோரியா காலத்து முலாம் சிலவற்றில் தாராளமாகவே பூசப்பட்டிருக்கும். ஆகவே காசு கொடுக்குமுன் உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் பத்வா கொடுக்க முடியாதே!

வாங்கியதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் முலாம் கரையும். விளிம்பில் மஞ்சள் தலைகாட்டும். மெல்லிய துணி போதும்.

மரச் சாமானில் இந்தச் சங்கடமே இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். விளிம்பில் கோதுமைக் கதிர் செதுக்கிய வட்டமான ரொட்டிப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்தால் வெடித்துவிடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். துளைகளிலிருந்து புதிதாக மரத்தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.