பேகனின் போர்வையும் அன்பின் இயக்குநீரும்

பழனி மலையை எண்ணுந்தோறும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடித் தலைவனாகிய அவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். சாரலில் நின்ற மயில் குளிரால் நடுங்குகிறது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்த செய்தி. ஆயின், அவனைப் பற்றிய மற்றொரு செய்தியும் புறநானூற்றில் உண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவளோ கண்ணீர் வடித்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வர் அவள்பொருட்டு அவனிடம் பரிந்து பேசினர்.

மயிலுக்கு இரங்கிய நெஞ்சு மனைவிக்கு ஏன் இரங்கவில்லை? அன்பு எங்கிருந்து ஊறுகிறது? யார்பால் பாய்வது என்பதை எது முடிவு செய்கிறது? இவ்வினாக்களுக்கு இக்கால அறிவியல் 'ஆக்சிடோசின்' என்னும் ஒற்றைச் சொல்லை விடையாகத் தந்துவிட்டதுபோல் ஏடுகள் எழுதுகின்றன. 'அன்பு ஹார்மோன்' என்றே அதற்குப் பட்டமும் சூட்டப்பட்டுள்ளது. இக்கூற்றில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என ஆராய்வதே நம் நோக்கம்.

தாய்மையின் நீர்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸில் உருவாகி, பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்மடல் வழியே குருதியில் கலக்கும் இயக்குநீரே ஆக்சிடோசின். பிட்யூட்டரிச் சாற்றுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் உண்டென 1906-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹென்றி டேல் கண்டார். விரைந்த மகப்பேறு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களினின்று இதன் பெயர் பிறந்தது. ஒன்பது அமினோ அமிலங்களால் ஆகிய இதன் அமைப்பை ஆராய்ந்து, 1953-இல் இதனை ஆய்வகத்திலேயே ஆக்கிக் காட்டினார் அமெரிக்க வேதியியலார் வின்சென்ட் டு விக்னோ. 1955-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பேற்றின்போது கருப்பை சுருங்குவதும், மகவு மார்பில் வாய் வைத்ததும் பால் பீறிடுவதும் இந்நீரின் செயல்களே. கன்று முட்டினால்தான் பசு பாலை இறக்கும் என்பதை மாடு வளர்ப்போர் நன்கறிவர். அக்கன்றின் முட்டல் பசுவின் மூளையில் எழுப்புவது ஆக்சிடோசினையே. மகப்பேற்றுக்குப் பின் குருதிப்போக்கைத் தடுக்கத் தாய்மார்க்கு இடப்படும் ஊசிமருந்தும் இதுவே. இதனால் உயிர் பிழைத்த அன்னையர் எண்ணற்றோர்.

உறவின் நீர்

வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் சாலையில், வெள்ளி அருவியின் அருகே நாட்டுக் குரங்குகள் அமர்ந்து ஒன்றன் மயிரை ஒன்று கோதிப் பேன் பார்ப்பதைச் சுற்றுலாச் செல்வோர் பலரும் கண்டிருப்பர். இது வெறும் தூய்மைப் பணி அன்று, உறவுப் பணியுமாகும். உகாண்டா நாட்டுச் சிம்பன்சிகளை ஆய்ந்தோர் 2013-இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. நெருங்கிய தோழமையுடைய இரண்டு கோதிக்கொண்டபின் அவற்றின் சிறுநீரில் ஆக்சிடோசின் மிகுந்திருந்தது; தோழமையில்லாதன கோதிக்கொண்டபோது அவ்வாறு மிகவில்லை. உணவைப் பகிர்ந்துண்ட சிம்பன்சிகளிடத்தும் அது மிகுந்திருந்ததை 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

மாந்தரிடையிலும் சோதனைகள் நிகழ்ந்தன. ஆக்சிடோசினை மூக்கில் தெளித்துக்கொண்டோர், முன்பின் அறியாதாரை நம்பித் தம் பணத்தை மிகுதியாக ஒப்படைத்தனர் என 2005-இல் சூரிச் நகர ஆய்வாளர் அறிவித்தனர். உலகம் வியந்தது. நம்பிக்கையைப் புட்டியில் அடைத்து விற்கவும் வணிகர் சிலர் முற்பட்டனர்.

மிகையும் உண்மையும்

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அச்சோதனையை மிகப் பலரைக் கொண்டு மீண்டும் செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பொதுவாக நம்பிக்கை கூடியதாக அதில் தெரியவில்லை. இணைபிரியா வாழ்வுக்குப் பெயர்பெற்றது பிரெய்ரி வோல் எனப்படும் அமெரிக்க வயலெலி. இந்நீரை ஏற்கும் உறுப்பு மூலக்கூறே இல்லாதவாறு மரபணு மாற்றப்பெற்ற அவ்வெலிகளும் இணைசேர்ந்து வாழ்ந்தன என்பதை 2023-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனவே அன்பு முழுவதற்கும் ஒரு நீரே காரணம் என்பது மிகைக்கூற்று.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. 2011-இல் வெளியான ஆய்வொன்றில், ஆக்சிடோசின் பெற்ற டச்சு மாணவர் டச்சுப் பெயருடையார்மீது கூடுதல் பரிவு காட்டினர். அரபுப் பெயரும் ஜெர்மானியப் பெயரும் உடையார்க்கு அப்பரிவு கிட்டவில்லை. பிறர்மீது வெறுப்பு ஓங்கியது என்பதற்கு அதில் உறுதியான சான்றில்லை. தம்மவர்மீது பற்று ஓங்கியது என்பதே செய்தி. ஐவரி கோஸ்ட் நாட்டுச் சிம்பன்சிகளிடையே, அண்டைக் கூட்டத்தோடு மோதச் செல்லும்போதும் மோதும்போதும் இந்நீர் பெருகுவதை 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தோழனை அணைக்கும் நீரே, பகைவன் எதிரே தோளோடு தோள் சேர்ந்து நிற்கவும் துணைசெய்கிறது போலும்!

ஆக, இந்நீர் 'நம்மவர்' என்னும் வட்டத்தை இறுக்க உதவுகிறது. அவ்வட்டத்துள் யார் யார் என்பதை அது வரைவதில்லை. அதனை வரைவது வளர்ப்பு, வரைவது வாழ்முறை, வரைவது சொல்.

மலைவாழ் மக்கள் காட்டும் வழி

வளர்ப்பும் வாழ்முறையும் செய்வதென்ன என்பதைக் காணத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. பழனி மலையில் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்துவரும் பளியரைப் பற்றி 1908-ஆம் ஆண்டிலேயே 'ஆந்த்ரோபோஸ்' என்னும் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்துள்ளது. 1960-களில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பளியரிடையே தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்ட்னர், பூசலை விரும்பாத அவர்தம் பண்பை விரிவாக எழுதியுள்ளார். கைக்குழந்தை தாயின் உடலை ஒட்டியே வளர்கிறது. ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்துவதும், ஒருவரை ஒருவர் இழிவுபடுத்துவதும் தவறெனக் கருதப்படுகின்றன. சினம் மூண்டால் எதிர்த்து நிற்பதைவிட விலகிச் செல்வதே அவர்கள் மரபு. இதற்கெல்லாம் காரணம் ஓர் இயக்குநீர் என நாம் கூற வரவில்லை. உடல் எல்லார்க்கும் ஒன்றே. அவ்வுடலைக்கொண்டு எத்தகைய வாழ்வை அமைத்துக்கொள்வது என்பதே வேறுபடுகிறது.

சஹனில் ஓரிடம்

அரபு மொழியில் கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லும், கருணையைக் குறிக்கும் 'ரஹ்மத்' என்னும் சொல்லும் ஒரே வேரினின்று கிளைத்தவை. கருப்பையின் நீரே உறவின் நீருமாம் என அறிவியல் கூறும் இந்நாளில் அச்சொல்லுறவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தமிழிலும் 'ஈரம்' என்பது நீரையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும்.

நம் திருமண வீடுகளில் பலர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. செல்வரும் எளியரும் ஒரு தட்டில் கையிடும் அக்காட்சி கண்டு மகிழத்தக்கது. அச்சஹனைச் சுற்றி அமர்வோர் யார்? பெரியோர்களே, அடுத்த தெரு அயலார்க்கும் அதில் ஓரிடம் உண்டா என எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்களே, விடுதி அறைகளை ஒதுக்கும்போது ஒரே ஊரார், ஒரே சமயத்தார், ஒரே துறையார் என்று பிரிக்காது கலந்து ஒதுக்கலாகாதா? முதல் வாரத்தில் முணுமுணுப்பு எழும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஓராண்டு ஒன்றாய் உண்டு, ஒருவர் காய்ச்சலுக்கு மற்றவர் கஞ்சி வாங்கி வந்தபின், எவர் எவர்க்கு அயலார்? மாணவர்களே, கைப்பேசியில் நூறு நண்பரைச் சேர்ப்பதோடு நில்லாது, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டியின் கையைப் பற்றி ஒரு நாழிகை அமர்ந்திருங்கள்.

பேகனிடம் ஈரம் இல்லாமலில்லை. மயிலே அதற்குச் சான்று. அது பாயவேண்டிய இடத்தை அவன் மறந்தான். பரணர் அவன்முன் சென்று, தாம் பசியால் வரவில்லை என்றும், அன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் உரைத்தார். பொன்னும் பொருளும் கேட்கவேண்டிய புலவர், அந்தப் பரிசிலையே கேட்டார். உடல் தந்த அன்புக்கு வழிகாட்டுவது அத்தகைய சொல்லே. அதனைக் காலத்தில் சொல்லும் துணிவு நம்மிடம் உண்டா? கல்லூரிகளும், அவற்றுள் தமிழ்த்துறைகளும் இருப்பது அதற்காகவே அன்றோ!