கயிறு அறுந்த கதை

திபெத்துக்குப் போகிறவர்கள் லாஸாவில் போதலா அரண்மனையைப் பார்த்ததும், "ஆயிற்று, திபெத்தைப் பார்த்தாகிவிட்டது" என்று மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தென்கிழக்கே சோங்யே பள்ளத்தாக்குக்கும் ஒரு நடை போய் வாருங்கள். திபெத்தின் பழைய மன்னர்கள் அங்கேதான் மண்ணுக்குள் உறங்குகிறார்கள்.

"சமாதியைப் பார்க்கவா அத்தனை தூரம்?" என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். கதையைக் கேளுங்கள்.

ஆதியில் ஆண்ட ஏழு ராஜாக்களுக்குச் சமாதியே கிடையாதாம்! காலம் முடிந்ததும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே வானத்துக்குப் போய்விடுவார்களாம். எட்டாவதாக வந்தவர் திரிகும் சென்போ, பொல்லாத சண்டைக்காரர். தம்முடைய ஆள் ஒருவனையே வம்புக்கு இழுத்து, தலைக்கு மேலே வாளைச் சுழற்றினார். கயிறு அறுந்தது, ராஜாவும் மாண்டார். உடலைப் பூமியில் விட்டுப் போன முதல் மன்னர் அவர்தான் என்கிறது திபெத்தியப் புராணம்.

இனி சரித்திரம். சோங்யேயில் இருப்பவை பெரும்பாலும் 7 முதல் 9-ஆம் நூற்றாண்டு வரையிலான சமாதிகள். வெறும் மண்மேடுகள்தான், ஆனால் குன்று குன்றாக நிற்கின்றன! திபெத்தைப் பேரரசாக்கிய சோங்சென் காம்போவின் சமாதி என்று காட்டப்படுவது ஒரு பக்கமே நூறு மீட்டருக்கு மேல். அவர் காலமானது 649-ஆம் ஆண்டு வாக்கில். மேட்டின் உச்சியில் சின்னக் கோயில். உள்ளே மன்னரின் சிலை. இருபுறமும் சீன, நேபாள ராணிகள். கூடவே எழுத்துக் கற்க இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் மந்திரி தோன்மி.

842-இல் லாங்தர்மா மன்னர் கொலையுண்டார், பேரரசு சிதறிற்று. கலகக்காரர்கள் தங்கள் ராஜாக்களின் சமாதிகளையே தோண்டிச் சூறையாடினார்கள் என்று திபெத்திய நூல்கள் சொல்கின்றன. மண்ணைக் கொட்டிக் காத்த செல்வம், கடைசியில் தங்கவில்லை!

இன்னொரு வேடிக்கை. திபெத்தில் இன்று பல குடும்பங்கள் இறந்தவரின் உடலைக் கழுகுகளுக்கு அளித்துவிடுகின்றன. கயிறு இல்லாமலே குடியானவன் வானத்துக்குப் போகிறான். ராஜாதான் மண்ணுக்கடியில் இருக்கிறார்.

புறப்படுகிறீர்களா? வெளிநாட்டார் நினைத்தபடி அங்கே சுற்ற முடியாது. திபெத்துக்கென்று தனி அனுமதிச் சீட்டு வேண்டும். லாஸாவைத் தாண்ட இன்னொரு சீட்டு. வழிகாட்டியும் கூடவே வருவார். 2021-இல் திறந்த ரயில் பாதை லாஸாவிலிருந்து சேதாங் பக்கமாகப் போகிறது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் மோட்டாரில் போக வேண்டும். இடமோ 3,600 மீட்டருக்கு மேல். ஆகவே லாஸாவில் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு, மேட்டின் படிகளில் மெள்ள ஏறுங்கள். ராஜா அவசரப்படமாட்டார்!