அடிக்காத கை

'அடிக்கிற கைதான் அணைக்கும்.' கணவனிடம் அடிவாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும்போது நம் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இது. அம்மா சொல்வாள். அத்தை சொல்வாள். புகாரை எழுதிக்கொள்ள மனமில்லாத ஏட்டும் சொல்வார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அடியையும் அணைப்பையும் ஒரே கையின் இரண்டு வேலைகளாகப் பார்த்துப் பழகிவிட்டவர்கள். ஆனால் அடிக்காத கை ஒன்று அணைக்க வந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு இந்தப் பழமொழியில் இடமில்லை.

அந்தக் கேள்வியை வைத்து ஆங்கிலக் காதல் நாவல்களில் இன்று ஒரு தனி வகையே உருவாகியிருக்கிறது. கொடுமைக்காரனிடமிருந்து மீண்டு வந்த ஒரு பெண். தயங்கித் தயங்கி அவள் வாழ்வில் நுழையும் இன்னொருவன். பழைய காயம் ஆறுமா, புதிய காதல் நிலைக்குமா என்பதுதான் கதை. இந்த வகையில் மிகவும் பேசப்பட்டது அமெரிக்க எழுத்தாளர் கோலீன் ஹூவர் 2016-ல் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்'. 2024-ல் திரைப்படமாகவும் வந்தது. நம் பெருநகரங்களின் நடைபாதைக் கடைகளில்கூட இதன் பிரதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரி மாணவிகள் கைமாற்றிப் படிக்கிறார்கள்.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்தலாம். இந்த மாணவிகளின் தாய்மார்கள் வாடகை நூலகங்களில் எடுத்துப் படித்த மில்ஸ் அண்ட் பூன் நாவல்களில் நாயகன் பெரும்பாலும் திமிர் பிடித்தவன். அதட்டுவான், சந்தேகப்படுவான், நாயகியின் மணிக்கட்டை வலிக்கும்படி பற்றுவான். கடைசிப் பக்கங்களில் அந்த முரட்டுத்தனம் எல்லாமே காதல்தான் என்று தெரியவரும். நம் பழமொழியைத்தான் அங்கே கோட்டு சூட்டு மாட்டி உலவவிட்டிருந்தார்கள். அந்த மணிக்கட்டுப் பிடிக்கு வன்முறை என்று பெயர் சொல்கிற நாவலை மகள் படிக்கிறாள் என்றால், ஒரு தலைமுறைக்குள் அது சிறிய மாற்றம் அல்ல.

ஹூவரின் கதை எளிமையானது. பாஸ்டன் நகரில் பூக்கடை வைக்கிறாள் லில்லி. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அவள் மணக்கும் ரைல் ஒரு மூளை அறுவை மருத்துவன். அழகன், அவள் மேல் உயிரையே வைத்திருப்பவன். முதல் அடி விழுகிறது. உடனே மன்னிப்பு. அம்மா ஏன் அப்பாவை விட்டுப் போகவில்லை என்று சின்ன வயதில் கோபப்பட்டவள், தானும் போகாமல் இருப்பதைக் கண்டு திகைக்கிறாள். மகள் பிறந்ததும் கணவனிடம் ஒன்று கேட்கிறாள். நாளைக்கு இவள் வந்து, என் புருஷன் என்னை அடிக்கிறான் என்று சொன்னால் நீ என்ன பதில் சொல்வாய்? அந்தக் கேள்வியோடு மணவாழ்க்கை முடிகிறது. தன் தாயின் வாழ்க்கையே இந்தக் கதைக்குத் தூண்டுதல் என்று ஹூவர் சொல்லியிருக்கிறார்.

சின்ன வயதில் லில்லிக்குப் பழக்கமான அட்லஸ் என்ற இன்னொருவனும் கதையில் உண்டு. அவள் அடிபட்டு வரும் இரவில் தங்க இடம் தருகிறான். அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. அவளுக்கும் அவனுக்கும் இடையில் காதல் மறுபடி துளிர்க்கும் இடத்தில் நாவல் முடிந்துவிடுகிறது. ஆனால் சந்தை அதை அங்கே முடிய விடவில்லை. வாசகர்களின் விருப்பத்துக்கு இணங்கி 2022-ல் இரண்டாம் பாகம் வந்தது. 2023 ஜனவரியில் இந்த நாவலை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைப் பதிப்பகம் அறிவித்தது. அடிபட்ட பெண்ணின் கதைக்குக் கிரேயான் தீட்டுவதா என்று எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டார்கள். 2024-ல் படம் வந்தபோது, பூப்போட்ட உடையில் தோழிகளோடு வாருங்கள் என்ற விளம்பரத் தொனியும் கண்டனத்துக்கு உள்ளானது. காயத்தை விற்கலாம், காதலை விற்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலத்தை விற்பதுதான் கஷ்டம். உண்மையில் கதை நடப்பது அங்கேதான்.

அந்த நடுக்காலத்தில் என்ன நடக்கிறது? அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-ல் வெளியிட்ட நூலில், வீட்டு வன்முறை மூன்று கட்டங்களாகச் சுற்றிச் சுற்றி வருவதாக எழுதினார். முதலில் இறுக்கம் கூடுகிறது. பிறகு அடி. அதற்குப் பிறகு கண்ணீர், மன்னிப்பு, பரிசு. எல்லா வீடுகளிலும் இந்தச் சக்கரம் ஒரே மாதிரி சுற்றுவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் மூன்றாவது கட்டம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். நேற்று இரவு கன்னத்தில் விட்டவன் இன்று மாலை மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கி வருகிறான். சினிமாவுக்குக் கூப்பிடுகிறான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அப்பட்டமான காதல்.

பல நாவல்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். அடிபட்டவள் கோபத்தைக் கண்டு பயப்படுகிறாள், எனவே கோபமே வராத ஒரு நல்லவனைக் கொண்டுவந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அவளுக்குக் கோபம் பழக்கமானது. எப்போது வரும், எப்படி ஒதுங்குவது என்று அவளுக்குத் தெரியும். அவளைக் கலங்க வைப்பது அன்பு. பூவைப் பார்த்தால் அதற்கு முந்தின இரவு நினைவுக்கு வருகிறது. ஒருவன் கனிவாகப் பேசினால், இது எதற்கு முன்பணம் என்று மனசு கணக்குப் போடுகிறது. புதியவன் எவ்வளவு நல்லவனாக இருக்கிறானோ அவ்வளவுக்குச் சந்தேகம் கூடுகிறது. இது அவனுக்குப் புரியாவிட்டால், இவ்வளவு செய்தும் என்னை நம்பவில்லையே என்று அவன் குறைப்படத் தொடங்குவான். அந்தக் குறைப்படுதலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

ஆகவே குணமாவதன் அடையாளங்கள் மிகச் சிறியவை. குழம்பில் உப்பு கூடிவிட்டது தெரிந்தும் நெஞ்சு படபடக்காமல் பரிமாறுவது. பஸ் தாமதமானால் காரணத்தை ஒத்திகை பார்க்காமல் வீடு வந்து சேர்வது. பக்கத்து அறையில் கதவு சாத்தப்படும் சத்தம் வெறும் சத்தமாகக் கேட்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை என்று காண்பது. இப்படிப்பட்ட காதல் கதையில் முதல் முத்தத்தைவிட முதல் 'வேண்டாம்' பெரிய கட்டம். அதைக் கேட்ட பிறகு அவன் அந்த நிமிஷம் என்ன சொன்னான் என்பது போதாது. மறுநாள், அடுத்த வாரம் எப்படி இருந்தான் என்பதையும் எழுதுகிறவரே இந்தக் கதையைச் சரியாக எழுதுகிறார்.

நம் சினிமாவுக்குப் பிடித்த தீர்வு வேறு. இரண்டாவது நாயகன் முதல் கணவனைத் தேடிப் போய்ப் புரட்டி எடுப்பான். அரங்கம் கைதட்டும். அவள் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அடிக்கிற கை இப்போது அவள் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பழமொழி அப்படியே இருக்கிறது.

இந்த வழியை மறுத்த படங்களும் உண்டு. 1982-ல் மகேஷ் பட் எடுத்த 'அர்த்' படத்தில் கணவனால் கைவிடப்பட்ட நாயகி, திரும்பி வந்த கணவனையும் ஏற்கவில்லை, தன்னை நேசிக்கும் நண்பனையும் ஏற்கவில்லை. பாலுமகேந்திரா 1993-ல் அதை 'மறுபடியும்' என்று தமிழில் எடுத்தபோது ரேவதியும் அதே முடிவைத்தான் எடுத்தார். ஒருவன் நிழலிலிருந்து இன்னொருவன் நிழலுக்கு மாறுவதற்கு முன் வெயிலில் தானே நிற்கப் பழக வேண்டும் என்ற முடிவு அது. அன்றைக்கு அது பெரிய துணிச்சல்.

ஆனால் அதையே எல்லோருக்கும் விதியாக்கினால் இன்னொரு அநியாயம் நேர்கிறது. காயப்பட்ட பெண்ணுக்கு நம் கதைகள் பெரும்பாலும் இரண்டு வாசல்களைத்தான் திறந்து வைத்திருந்தன. ஒன்று, திருந்திய கணவன். மற்றது, கௌரவமான தனிமை. சுயமரியாதையின் விலை காதலே இல்லாத வாழ்க்கைதான் என்று அவளிடம் சொல்வதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது? தனியாக நிற்கத் தெரிந்த பிறகு ஒருவனோடு சேர்ந்து நிற்க அவள் விரும்பினால், அது தோல்வி ஆகாது.

அமெரிக்க நாவலில் அவளுக்குத் தடையாக இருப்பது அவள் மனசு மட்டும்தான். இங்கே சட்டப் புத்தகமும் குறுக்கே நிற்கிறது. இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்கவே ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனு கொடுத்த பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. கணவன் சம்மதிக்காவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அந்த வருடங்களில் அவள் வாழ்வில் ஒரு நல்லவன் வந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவன் ஒரு சாட்சியப் பொருள்.

மனைவி முறைகேடான உறவில் வாழ்கிறாள் என்று நிரூபித்தால் மாதாந்தர ஜீவனாம்சம் கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. நிரந்தர ஜீவனாம்சம் தீர்ப்பான பிறகும், அவள் 'கற்புடன்' இல்லை என்று காட்டினால் அந்த உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ இந்து திருமணச் சட்டத்தின் 25-ம் பிரிவு வழிவிடுகிறது. கணவன் ஜீவனாம்சம் பெறுகிற வழக்கிலும் இதே போன்ற விதி உண்டு என்பது உண்மை. ஆனால் நடைமுறையில் ஜீவனாம்சத்தை நம்பி இருப்பது பெரும்பாலும் பெண்தான். பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 497-ம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் ஒரு ஹோட்டலில் காபி குடித்த போட்டோ இன்றும் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு ஆயுதம்.

சட்டம் அவளுக்குச் சாதகமாகச் செய்ததும் குறைவல்ல. 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியோடு நிற்கவில்லை. வசைச்சொல், மன உளைச்சல், கையில் காசில்லாமல் வைத்திருப்பது எல்லாவற்றையும் வன்முறை என்றது. வீட்டில் தங்கும் உரிமையைக் கொடுத்தது. 181 என்ற எண்ணில் இன்று பெண்களுக்கான உதவி கிடைக்கிறது. ஆனால் 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 38 சதவீதம். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் வெறும் 14 சதவீதம். மற்றவர்களுக்கு அந்தப் பழமொழியே துணை.

வெளியே வந்தவர்களுக்கு உறவினர்கள் வைத்திருக்கும் மருந்து இன்னொரு அவசரக் கல்யாணம். தீர்ப்பின் மை காய்வதற்குள் வரன் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆங்கில நாளேடுகளின் மணமகள் பகுதியில் 'இன்னொசன்ட் டிவோர்சி' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். குற்றமற்ற விவாகரத்துக்காரி. முதல் கல்யாணம் சில நாள்களுக்கு மேல் நீடிக்கவில்லை, உடல் உறவு ஏற்படவில்லை என்பதைப் பூசி மெழுகிச் சொல்லும் வழி இது. அப்படியானால் பத்து வருஷம் அடிவாங்கி, இரண்டு குழந்தைகளோடு வெளியே வந்தவள் என்ன குற்றம் செய்தாள்? அடித்தவன் தன்னைப் பற்றி இப்படி ஒரு விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இப்படி ஒரு காதல் நாவலை உண்மையாக எழுத நினைப்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அதன் நாயகனால் விசாரணை நாளில் அவள் பக்கத்தில் உட்கார முடியாது. வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருக்கவும் முடியாது. யாராவது போட்டோ எடுத்துவிடுவார்கள். வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போன சேதியை அவள் போனில் சொல்ல, 'சரி, வீட்டுக்குப் போய் முதலில் சாப்பிடு' என்று சொல்வதோடு அவன் நிறுத்திக்கொள்ள வேண்டும். எப்போது முடியும் என்று கேட்கக் கூடாது. பூ வாங்கி அனுப்பக் கூடாது. பார்க்கச் சுவாரசியமில்லாத நாயகன்தான். ஆனால் அவள் ஒருநாள் தானாகவே, 'நாளைக்கு வா' என்று கூப்பிடும் வரை கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கத் தெரிந்தவன்.