பழைமையைக் களையும் பணிசெயல் முறைமைகள்

கணினியின் பணிசெயல் முறைமை புதிய பதிப்பாக வெளிவரும்போது, பழைய மென்பொருட்களுக்கும் கருவிகளுக்கும் அதில் இடமளிக்க வேண்டுமா என்ற விவாதம் நீண்டகாலமாகத் தொடர்ந்து வருகின்றது. இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

2017 மே மாதம் 'வன்னாக்ரை' என்ற, கப்பம் கோரும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 'எஸ்.எம்.பி.' நெறிமுறையின் முதலாவது பதிப்பிலிருந்த குறைபாடே அதற்கு வழிவிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும் பலர் அதனை நிறுவியிருக்கவில்லை. பழைய கருவிகளின் பொருட்டு விட்டுவைக்கப்பட்ட வசதி, ஆபத்தின் வாயிலாயிற்று.

மறுபுறத்தில், அப்பிள் நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட 'கெற்றலீனா' பதிப்பு 32 பிட் மென்பொருட்களை முற்றாகக் கைவிட்டது. முந்திய ஆண்டிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டது உண்மைதான். எனினும், அடோபியின் பழைய வடிவமைப்பு மென்பொருட்களை ஒரே தடவையில் விலைகொடுத்து வாங்கியவர்கள் இக்கட்டுக்குள்ளாகினர். அந்நிறுவனமோ 2013 முதல் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. பழைய பணிசெயல் முறைமையிலேயே தங்கியிருப்பது அல்லது மாதந்தோறும் பணம் செலுத்துவது என்ற நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர்.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே தராசில் நிறுப்பது பொருத்தமற்றது. முன்னையது அனைவரது பாதுகாப்பையும் சார்ந்தது. பின்னையதில் தயாரிப்பாளரின் பராமரிப்புச் சுமை குறைந்தது. அச்சுமையின் பெரும்பகுதி பாவனையாளரின் தோளில் ஏற்றப்பட்டது.

2017 இறுதியில் மைக்ரோசொப்ட் கைக்கொண்ட வழி இங்கு கவனத்திற்குரியது. புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10 பதிப்புகளில் அப்பழைய நெறிமுறை இயல்பாக இடம்பெறவில்லை; இன்றியமையாத் தேவையுடையோர் தாமாகவே அதனைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பிருந்தது. ஆபத்து பெரும்பான்மையோரை விட்டு நீங்கியது; பழைய கருவியை நம்பியிருந்தவரும் கைவிடப்படவில்லை.

பழையவற்றை என்றென்றும் சுமக்குமாறு எவரையும் கோர முடியாது. ஆயினும், அகற்றுபவர்கள் போதிய கால அவகாசம் அளிப்பதும், பழைய கோப்புகளைத் திறப்பதற்கு மாற்றுவழி காட்டுவதும் கடமையாகும். கணினியின் ஆயுள் சில ஆண்டுகளே. அதில் மனிதர் சேமித்த கணக்குகளும் எழுத்துகளும் படங்களும் அதனைக் கடந்து வாழவேண்டியவை என்பதை நிறுவனங்கள் மறந்துவிடலாகாது.