சங்க லாரிக்கு வேகக் கேம்ஷாப்ட் வேண்டுமா?

திம்பம் மலையில் சங்கத்து லாரி பாரத்தோடு திணறுகின்றது. ஆகவே எஞ்சினுக்கு ‘வேகக் கேம்ஷாப்ட்’ பொருத்தி டியூன் செய்யவேண்டுமென அங்கத்தினர் சிலர் வற்புறுத்தி வருகின்றனர். நாம் இதற்கு உடன்படோம்.

கேம்ஷாப்டின் வேலை யாது? கிராங்க்ஷாப்ட் 2 முறை சுற்றுகையில் அது 1 முறை சுற்றித் தன் முகடுகளால் வால்வுகளைத் திறக்கின்றது, மூடுவது ஸ்பிரிங். முகட்டை உயர்த்தி அகலமாக்கினால், எஞ்சின் விரைந்து சுழலும்போது காற்று மிகுதியாகப் புகும், சக்தியும் கூடும். ஆனால் குறைந்த சுற்றில் இழுவை குன்றிவிடும். 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நமக்கு வேண்டுவது அந்த இழுவையே அன்றோ! பந்தயக் காருக்கு உகந்தது நூல் மூட்டையும் முட்டைக்கோசும் சுமக்கும் வண்டிக்கு உகந்ததாகாது. டீசல் எஞ்சினில் வேறோர் அபாயமும் உண்டு. பிஸ்டன் மேலெல்லையை எட்டும்போது வால்வுக்கும் அதற்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே இருக்கும். வால்வு அளவுக்குமீறித் திறந்து நின்றால் பிஸ்டன் மோதும். அப்புறம் எஞ்சின் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். பங்குப் பணத்தை அவ்வாறு பணயம் வைக்கலாமா?

காற்று வடிகட்டி அடைத்துள்ளதா, டாப்பெட் இடைவெளி தயாரிப்பாளர் குறித்த அளவில் உள்ளதா, இன்ஜெக்டர் சீராகத் தூவுகின்றதா என்பவற்றை முதலில் பார்க்கட்டும். செலவும் சொற்பமே. கேம்ஷாப்ட் மெய்யாகவே தேய்ந்திருப்பின், அதே அளவுள்ள புதியதைப் போடலாம். டாப்பெட்டுகளையும் உடன் மாற்றவேண்டும், பழையவை புதிய முகட்டை அரித்துவிடும். வண்டியில் செய்யும் மாறுதல்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதையும் நிர்வாகக் குழுவினர் அறிவார்களாக. அளந்து பார்த்த விவரத்தைப் பட்டறையினர் எழுத்தில் தரும்வரை, இச்செலவுக்கு அனுமதி கோரும் தீர்மானத்தை ஒத்திவைப்பதே தகும்.