அலாஸ்கா: முதலில் பனியாறு, அப்புறம் கப்பல்

அலாஸ்காவுக்கு முதன்முறையாகக் கப்பலேற நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்பதைத்தான். எத்தனை நீச்சல்குளம், எத்தனை உணவகம், ராத்திரி என்ன ஆட்டம் பாட்டம் என்று விளம்பரங்களும் அதையே கடைபரப்புகின்றன. கரீபியன் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது சரி. அலாஸ்காவுக்குக் கேள்வியே வேறு: இந்தக் கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது?

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் அந்த அனுமதி கிடையாது. காலையில் பூங்கா அதிகாரிகள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏணி வைத்து ஏறிக்கொள்கிறார்கள். அன்று முழுக்க விளக்கம் சொல்வது அவர்கள்தான். 1794இல் கடலோடி வான்கூவரின் குழு இப்பக்கம் வந்தபோது இங்கே விரிகுடா என்று சொல்லும்படி ஏறக்குறைய எதுவுமில்லை, வாசலருகிலேயே பனிச்சுவர். 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி வெகுதூரம் பின்வாங்கி, கடல் உள்ளே புகுந்திருந்தது. இன்று கப்பல் சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போகிறது.

அங்குள்ள மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும். அதனால் இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பனிப்பாளம் சரிவது முதலில் கண்ணில் படும். இடி போன்ற ஓசை சற்றுப் பொறுத்துத்தான் காதுக்கு வரும். சத்தம் கேட்டுத் திரும்புகிறவருக்கு மிஞ்சுவது அலை மட்டும்தான்.

கிளேசியர் பே கிடைக்காவிட்டால் ஹப்பர்டு பனியாறு இருக்கிறது. சுமார் 120 கிலோமீட்டர் நீளம்; உலகில் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிவரும் காலத்தில் முன்னேறிக்கொண்டிருக்கும் விசித்திரம். ஆனால் மிதக்கும் பனி அதிகமானால் கப்பல் கிட்டே போகாமலே திரும்பிவிடும்.

அடுத்தது மாதம். ஏப்ரல் பின்பாதியிலிருந்து அக்டோபர் வரை கப்பல்கள் ஓடுகின்றன. மே மாதத்தில் மழை குறைவு, கூட்டமும் குறைவு, மலைகளில் பனி மிச்சம் இருக்கும். முதல் பயணத்துக்கு அதுவே உகந்தது. ஜூலையில் ஜூனோ நகரின் பகல் வெப்பம் 17, 18 டிகிரியைத் தொடும். செப்டம்பரில் கட்டணம் இறங்கும், மழை ஏறும். வழியிலுள்ள கெட்சிகான் நகரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சென்னையைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே பெட்டியை அடைக்கும் தடித்த கோட்டைவிட, நீர்புகாத மேல்சட்டையும் உள்ளே அடுக்கடுக்காக அணியும் கம்பளி உடைகளும் உதவும். ஜீன்ஸ் நனைந்தால் லேசில் காயாது. வடக்கு வானத்து ஒளி நடனத்தை நம்பி ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், வானம் இருட்டினால்தானே!

எங்கே ஏறுவது? கனடாவின் வான்கூவர் நகரில் கிளம்பும் கப்பல்கள் தீவுகளுக்கு நடுவே, அலை அடங்கிய நீர்வழியில் போகும். சியாட்டிலில் கிளம்புபவை பெரும்பாலும் திறந்த பசிபிக்கில் ஒரு நாளாவது ஆடும்; தலைசுற்றல் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கினால் அமெரிக்க விசா போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். போதாது. 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக்காட்டித் திரும்ப முடியாது, இடையில் அயல்நாட்டில் நிற்க வேண்டும். அதற்காகவே அந்தக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில், பல சமயம் ஒரு மாலைப்பொழுது மட்டும், நிற்கின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் கனடா விசாவும் எடுக்க வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இரண்டும் கைக்கு வருமுன், திரும்பக் கிடைக்காத கட்டணம் எதையும் கட்டிவிடாதீர்கள்.